நாளும் ஓர் அடியார்



கிறித்தவத் தமிழ் என்றதும் அவையோர் நெஞ்சில் முதலில் எழுவன தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் ஆகும். அவற்றையடுத்து அகராதிகளும் அம்மானைகளும் கலம்பகங்களும் நினைவுக்கு வரும். இலக்கிய வரலாறு எழுதுவோர் தரும் பட்டியலும் ஏறத்தாழ இவ்வாறே அமையும். அப்பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத எழுத்து ஒன்று உண்டு. திருநாட்சிந்தனை என்பது அது.

விடியற்காலைத் திருப்பலிக்கு முன்போ, இல்லத்தில் மாலைச் செபமாலை முடிந்த பின்போ வாசிக்கப்படும் அரைப்பக்க உரைநடை அது. அன்றைக்கு நினைவுகூரப்படும் புனிதரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த விதம், இறந்த விதம். அவற்றையொட்டி ஒரு சிந்தனை. ஈற்றில் இரண்டு வரிச் செபம். எழுதுவோர் பங்குத்தந்தையாகவோ, உபதேசியாராகவோ, கன்னியர் மடத்து ஆசிரியையாகவோ, பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியராகவோ இருப்பர். பெரும்பாலும் பெயர் இராது. மறுநாள் காலையில் அத்தாள் கிழிக்கப்பட்டுச் சுண்டல் மடிக்கச் சென்றுவிடும். ஆண்டுக்கு 365 நாளும் எழுதப்பட்டு, 365 நாளும் எறியப்படும் இவ்வெழுத்தை இலக்கியம் என்று எவரும் சொல்லத் துணிந்ததில்லை. ஆயினும் எத்தனையோ இல்லங்களில் தமிழ் உரைநடை நாள்தோறும் ஓதப்படும் வேளை அது ஒன்றே. புதினமும் புதுக்கவிதையும் நுழையாத வீடுகள் அவை.

சீர்திருத்தச் சபையாரிடத்தும் நாள்தோறும் தியானம் உண்டு. எனினும் அவர்கள் வேத வாசகம் ஒன்றை முன்வைத்துத் தியானிப்பர். கத்தோலிக்கர் ஒரு மனிதரை முன்வைப்பர். இவ்வுரை பின்னதைப் பற்றியது.

இவ்வகை எழுத்தின் தொன்மையை முதலில் காணவேண்டும். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கல் நாட்டினர். இயேசு சபையைச் சார்ந்தவர். 1520இல் பிறந்து, 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1600இல் மறையும்வரை அக்கடற்கரையோடே வாழ்ந்தவர். தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதியவரும் அவரே. அவர் 1586இல் வெளியிட்ட பெருநூல்தான் 'புளோஸ் சாங்க்தோரும்'. 'புனிதர்களின் மலர்' என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 670 பக்கங்கள். புன்னைக்காயலில் அச்சாயிற்று என்பது பெரும்பாலோர் கொள்கை. ஆண்டவரின் பெருவிழாக்களையும் அடியார்களின் திருநாள்களையும் ஒட்டி, அவரவர் வரலாற்றைத் தமிழில் சொல்லும் நூல் அது. ஆகவே தமிழில் அச்சான முதல் பெரிய உரைநடை நூல் எது என்று வினவினால், அது திருநாள் அடியார்களின் வரலாறு என்றே விடை கூறவேண்டும். வீரமாமுனிவர் தமிழகம் வருவதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன்னரே இது நிகழ்ந்துவிட்டது.

யாருக்காக அந்நூல் எழுந்தது என்பது கருதத்தக்கது. 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவ மக்களுக்காக எழுந்தது. அச்சுச் செலவுக்குப் பொருள் தந்தோரும் அம்மக்களே. அவர்களுள் படிக்கத் தெரிந்தோர் சிலர். கேட்கத் தெரிந்தோர் அனைவரும். ஆதலின் அண்டிரிக் அடிகளாரின் நடை செவிக்கு எழுதிய நடையாக அமைந்தது. புலவர்க்குரிய திரிசொற்கள் அதில் இல்லை. போர்த்துக்கீசியச் சொற்கள் மிகுதி; கடற்கரைப் பேச்சு வழக்கும் மிகுதி. அக்கால வழக்கப்படி மெய்க்குப் புள்ளியும், எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடும் காட்டாமல் அச்சிட்டமையால் இன்று அதனைப் படிப்பது எளிதன்று. இலக்கண வழுவை எண்ணுவோர்க்கு எண்ண நிறையவே கிடைக்கும். ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரைச் சிற்றூரில் மக்கள் எவ்வாறு தமிழ் பேசினர் என்பதைக் கல்வெட்டும் காப்பியமும் சொல்லாத அளவுக்கு இந்நூல் சொல்கிறது. வழு என்று ஒதுக்குவதற்கு முன் அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன்பின் அந்நூல் மறக்கப்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் உறங்கிய படியைத் தனிநாயகம் அடிகளார் கண்டறிந்து தமிழுலகுக்கு அறிவித்தார். இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் 'அடியார் வரலாறு' என்னும் பெயரில் அதனைப் பதிப்பித்தார். 'அடியார்' என்னும் சொல்லைத் தலைப்பில் ஆண்டது பொருத்தமே. சேக்கிழார் வகுத்த வழியில் வைத்து இந்நூலையும் காண்க என்று அப்பெயர் குறிப்பாக உணர்த்துகிறது.

அக்குறிப்பைப் பின்பற்றிச் சிறிது தொலைவு செல்லலாம். ஓர் அடியாரை நினைக்க எந்த நாளைத் தேர்வது? வைணவர் ஆழ்வார்களுக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுவர். அது பிறந்தநாள். ஆடிப் பூரம் ஆண்டாளுக்கு; வைகாசி விசாகம் நம்மாழ்வாருக்கு. சைவர் நாயன்மார்களுக்குக் குருபூசை நடத்துவர். அது இறைவனடி சேர்ந்த நாள். சித்திரைச் சதயம் அப்பருக்கு. வைகாசி மூலம் சம்பந்தருக்கு. ஆடிச் சுவாதி சுந்தரருக்கு. கிறித்தவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கினர். அடியார் இறந்த நாளைத் தேர்ந்து, அதற்கு விண்ணகப் பிறப்பு நாள் என்று பெயரிட்டனர். தொடக்கக்காலத் திருச்சபையில் மறைச்சாட்சியரின் கல்லறையில் ஆண்டுதோறும் கூடிய வழக்கத்திலிருந்து எழுந்த முறை இது. மண்ணகப் பிறப்பையே விழாவாகக் கொண்டாடுவது மூவருக்கு மட்டும்: டிசம்பர் 25 இயேசுவுக்கு, செப்டம்பர் 8 மரியாளுக்கு, சூன் 24 திருமுழுக்கு யோவானுக்கு.

யோவானின் நாளில் கவிஞர்க்கு வேலை உண்டு. சூன் 24 கோடைக் கதிர்த்திருப்பத்தை ஒட்டியது. அதன்பின் வடபுல நாடுகளில் பகற்பொழுது குறையத் தொடங்கும். டிசம்பர் 25க்குப் பின் வளரத் தொடங்கும். மெசியா பெருக வேண்டும் என்றும் தாம் சிறுகுவதே முறை என்றும் யோவான் உரைத்ததாக நற்செய்தி கூறும். வானமே அதற்குச் சான்று நிற்கிறது என்பதை அகுஸ்தீனார் தம் மறையுரையில் எடுத்துக்காட்டினார். உத்தராயணம், தட்சிணாயனம் என்று கணக்கிட்டுப் பழகிய தமிழர்க்கு இதனை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. எனினும் சூன் 24ஆம் நாளுக்குரிய தமிழ்ச் சிந்தனைகளுள் பெரும்பாலானவை பாலைநிலம், வெட்டுக்கிளி, காட்டுத்தேன் என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. தலைக்கு மேலுள்ள ஞாயிற்றை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நாள்காட்டி என்பது விண்ணிலிருந்து இறங்கியதன்று. மாந்தர் திருத்தித் திருத்தி எழுதியது. அவிலாத் தெரசம்மாள் 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு இறந்தார். மறுநாள் அக்டோபர் 15! அன்றிரவோடு பழைய யூலிய நாள்காட்டி முடிந்து, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் வகுத்த புதிய நாள்காட்டி தொடங்கியமையால் பத்து நாள்கள் கணக்கிலிருந்து நீங்கின. ஆகவே அவரது திருநாள் அக்டோபர் 15. ஓர் இரவைக் கடப்பதற்குள் பத்து நாள் கடந்துவிட்ட துறவியின் கதை இது. இதனைப் புனைந்துரைக்க ஒரு புலவராலும் இயலாது. அவர் இறந்த நான்கே ஆண்டுகளில்தான் தமிழில் 'புளோஸ் சாங்க்தோரும்' அச்சாயிற்று.

1969ஆம் ஆண்டுத் திருத்தமும் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து வந்த அத்திருத்தத்தில் பல திருநாள்கள் இடம் மாறின. திருத்தூதர் தோமையாரின் திருநாள் டிசம்பர் 21இலிருந்து சூலை 3க்கு வந்தது. அது சுரியானி மரபினர் முன்பே போற்றிய நாள். மேலைத் திருச்சபை கீழை மரபுக்கு இணங்கிய இவ்வொன்றை மயிலாப்பூரில் சூலை 3 அன்று சிந்தனை எழுதுவோர் சொல்லாமல் விடலாகாது. மோனிக்கம்மாளின் திருநாள் மே 4இலிருந்து ஆகஸ்டு 27க்கு மாற்றப்பட்டது. மறுநாள் ஆகஸ்டு 28 அவர்தம் மகனார் அகுஸ்தீனாருக்குரியது. வழிதவறிய மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுத தாயை மகனுக்கு ஒருநாள் முன்னே நிறுத்தியவர் யாரோ, அவர் உள்ளம் கவியுள்ளம். அலெக்சாந்திரியாவின் கத்தரீனம்மாள் வரலாற்றுச் சான்று போதாமையால் பொது நாள்காட்டியிலிருந்து நீக்கப்பட்டு, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டார்.

சான்று போதாமை என்ற இடத்தில் நின்று பேசவேண்டியது ஒன்று உண்டு. அடியார் வரலாறுகளில் உண்மை எது, கதை எது என்று பகுத்தறியும் பெரும்பணியை 1643இல் இயேசு சபையினரே தொடங்கினர். பொலாந்தியர் என்று அவர்களுக்குப் பெயர். திருநாள் வரிசைப்படி சனவரி முதல் தொடங்கித் தொகுதி தொகுதியாக ஆவணங்களை வெளியிட்டனர். முந்நூறு ஆண்டு உழைத்தும் நவம்பர் மாதம் முடியவில்லை. அத்தகைய ஆய்வு நிகழ்ந்துவிட்ட பின்னரும், அரைப்பக்கச் சிந்தனை எழுதுவோர் பழைய புனைவுகளை அப்படியே வரலாறாக எழுதுவது முறையன்று. அதேபோல், சான்றில்லை என்ற ஒரே காரணத்தால் கதையைத் தூக்கி எறிவதும் முறையன்று.

தூத்துக்குடிப் பனிமய மாதாவை எடுத்துக்கொள்ளலாம். நான்காம் நூற்றாண்டில் உரோமை நகரின் எஸ்குலின் குன்றில் ஆகஸ்டு 5ஆம் நாள் பனி பொழிந்தது என்றும், பனி விழுந்த இடத்தில் மரியாளுக்குக் கோயில் எழுந்தது என்றும் ஒரு கதை. உரோமையில் ஆகஸ்டு கடுங்கோடை. கதையின் சுவையே அதில்தான் உள்ளது. 1969இல் பொது நாள்காட்டி பனியைத் தவிர்த்து, அதனை மரியாளின் பேராலய நேர்ந்தளிப்பு நாள் என்று மட்டும் குறித்தது. தூத்துக்குடி மக்கள் பனியை விடவில்லை. உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று காயும் ஊரில், ஆடி மாத வெயிலில், இலட்சக்கணக்கானோர் பனியின் பெயரால் ஒரு தாயை அழைக்கின்றனர். அங்கே வாழ்ந்தவர்களுள் பனிப்பொழிவைக் கண்ணால் கண்டோர் எத்தனை பேர்? வரலாற்று ஆய்வாளர் இக்கதையை ஏற்க மாட்டார்; ஏற்கவும் வேண்டா. ஆனால் வெப்பத்தில் உழலும் மக்கள் தாய்மையைக் குளிர்ச்சியாகக் கண்டனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. சிந்தனை எழுதுவோர் அவ்வுண்மையை எழுதலாமே. உரோமைப் பனியை நிகழ்ச்சியாக நிறுவ முற்படும்போதுதான் எழுத்து பொய்யாகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். முன்னோர் புனிதர் பெயர்களைத் தமிழாக்கியே வழங்கினர். பவுல் என்பது சிறியவர் என்று பொருள்படும் இலத்தீன் பெயர். அவர் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். மணிமுடி என்னும் பொருளுடைய ஸ்தேவான் முடியப்பர் ஆனார். ஆண்மையும் வலிமையும் குறிக்கும் அந்திரேயா பெலவேந்திரர் ஆனார். யோசேப்பை வளன் என்று வீரமாமுனிவர் பாடினார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் பவுல், பேதுரு, யோவான் என்ற வடிவங்களே நிலைபெற்றன. எல்லாச் சபையாரும் ஒரே பெயரால் அழைக்க அது வழி செய்தது என்பது மெய். எனினும், சின்னப்பர் என்று அழைத்த அளவிலேயே ஒரு சிந்தனை பிறந்துவிடும். பவுல் என்று அழைத்தால் அதனைத் தனியே விளக்கியாக வேண்டும். இழப்பு சிறிதே ஆயினும் இழப்புத்தான். ஊர்ப்புறங்களில் பெலவேந்திரன் என்று பேரனுக்குப் பெயரிட்ட பாட்டியர் அதனை அறிவர்.

லாசரு என்ற பெயரும் அவ்வாறு தமிழான பெயரே. கடவுளே துணை என்பது பொருள். தேவசகாயம் என்று அதனை மொழிபெயர்த்தனர். அப்பெயரைத் திருமுழுக்கில் பெற்ற ஒருவர் 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசால் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் அத்தகுதி பெற்ற முதல்வர் அவரே. அவரது திருநாள் சனவரி 14. பொங்கலோ போகியோ ஆக அமையும் நாள். தமிழ்த் திருநாட்சிந்தனை தன் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டும் நாள் அதுவே. ஆதலின் சற்று விரிவாகக் காண்பது தகும்.

1712இல் நட்டாலத்தில் நீலகண்டன் என்ற பெயரோடு பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர். 1741இல் குளச்சல் போரில் டச்சுப்படை தோற்றது. சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான தெலனாய் என்பவரோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. இழப்பும் துயரும் அடுக்கடுக்காக வந்த காலத்தில், விவிலியத்து யோபுவின் கதையைத் தெலனாய் அவருக்குச் சொன்னதாக வரலாறு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1749இல் சிறை. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். காயங்களில் மிளகாய் பூசினர் என்பது வழிவழிச் செய்தி. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். கொலைக்கான காரணம் பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைக்க வேண்டிய தேவை திருச்சபைக்கும் இல்லை, சிந்தனையாளர்க்கும் இல்லை.

இவ்வளவு செறிவான வாழ்வை வைத்துக்கொண்டு பல சிந்தனைகள் எங்கே முடிகின்றன? துன்பம் வரும்போது பொறுமை காக்க வேண்டும் என்ற ஒற்றை வரியில் முடிகின்றன. அந்த வரியைச் செபஸ்தியாருக்கும் எழுதலாம், லாரன்சுக்கும் எழுதலாம், யாருக்கும் எழுதலாம். திருநாட்சிந்தனையின் தீராப் பிணி இதுவே. பெயரை மட்டும் மாற்றி ஒரே புனிதரை ஆண்டு முழுவதும் எழுதுவது. நீலகண்டன் உயர்ந்த சாதியில் பிறந்தவர். மதம் மாறிய பின் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு வேறுபாடின்றிப் பழகியவர். அரண்மனையில் எழுந்த சினத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரது வரலாற்றை எழுதினோர் கூறுவர். அவர் பெயரோடு ஒட்டி வந்த சாதிப் பட்டம் புனிதர் அறிவிப்பின்போது அதிகாரமுறையில் விடப்பட்டது. அதற்கும் கோரிக்கைகளும் விவாதங்களும் தேவைப்பட்டன. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறாண்டுக்குப் பின், சாதி பிரிந்து நின்று வழிபடும் வகையில் ஆலயம் எழுந்தது என்பதும், இடையிலிருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது என்பதும் பதிவான செய்திகள். சனவரி 14 அன்று வாசிக்கப்படும் அரைப்பக்கத்தில் இந்தத் தடுப்புச் சுவருக்கு இடம் உண்டா? உண்டு என்றால் அன்று வாசிப்பவரின் குரல் சற்றே தடுமாறும்; கேட்பவருள் சிலர் தலைகுனிவர்; சிலர் எழுந்தும் போவர். இல்லை என்றால் கேட்டவர் அனைவரும் அமைதியாகச் சென்று பொங்கல் உண்பர். இவ்விரண்டில் எந்தச் சிந்தனை அம்மனிதருக்கு நேர்மையானது என்பதில் ஐயமில்லை.

அவர்தம் மனைவியார் பார்கவியம்மாளையும் எண்ணவேண்டும். அவரும் திருமுழுக்குப் பெற்றார். ஞானப்பூ என்ற அழகிய பெயர் பெற்றார். உறவினரின் பகைக்கு அஞ்சி வடக்கன்குளத்திற்குக் குடிபெயர்ந்து, கணவர் இறந்த பின்னும் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். சிறைப்பட்டவரின் மனைவி ஊராரின் நாவுக்கு நடுவே எவ்வாறு நாள் கழித்தார், யார் சோறு தந்தார், யார் கதவடைத்தார் என்பது எந்தத் திருநாளிலும் வாசிக்கப்படுவதில்லை. நாள்காட்டியில் பெண்கள் உண்டு. ஆயினும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கன்னியர், மறைச்சாட்சியர், கைம்பெண்கள், சபை நிறுவியோர். இல்லறத்தில் இருந்துகொண்டே அடியாரானோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். குழந்தை இயேசுவின் தெரசம்மாளின் பெற்றோராகிய லூயியும் செலியும் 2015இல் ஒரே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டபோதுதான், கணவனும் மனைவியும் இணைந்து ஒரு திருநாள் பெறமுடியும் என்பதை இக்காலத்தார் கண்டனர். மனைமாட்சி பாடிய மொழியில் சிந்தனை எழுதுவோர்க்கு இங்கே ஒரு குறை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இனிச் சொல்லவேண்டியது கடினமானது. டிசம்பர் 26 முடியப்பரின் திருநாள். கிறித்துவுக்காக முதலில் உயிர் நீத்தவர் என்பதால் கிறித்து பிறப்பின் மறுநாளே அவருக்கு உரியதாயிற்று. 2004இல் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதனால் அவ்வாண்டு அந்நாளில் திருக்குடும்பத் திருவிழா கொண்டாடப்பட்டது. அன்று திருப்பலியில் வாசிப்பதற்கு வகுக்கப்பட்ட நற்செய்திப் பகுதி எது? ஏரோதுக்கு அஞ்சிச் சூசையப்பர் இரவோடிரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடிய பகுதி. அதனைத் தமிழகக் கடற்கரை ஆலயங்களில் வாசித்த அதே காலைப்பொழுதில், ஏறத்தாழ 9 மணியளவில், ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். இலங்கையில் 30,000க்கும் மேல். கிறித்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணியரும் அவர்களுள் அடங்குவர்.

ஒரு குழந்தை தப்பிப் பிழைத்த கதையை வாசித்துவிட்டு, பிழைக்காத குழந்தைகளை வரிசையாகக் கிடத்திய நாள் அது. இரு நாள் கழித்து, டிசம்பர் 28, ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அன்றைக்கு என்று முன்கூட்டியே எழுதி அச்சிட்ட சிந்தனைகள் எல்லாம் ஒரே காலையில் பொருளற்றுப் போயின. ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே எழுதிவைக்கும் எழுத்தின் இயல்பான இடர் அது. எழுதியோர் மேல் குறை இல்லை.

பின் வந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவையே கருத்துக்கு உரியன. வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் வெள்ளம் புகவில்லை என்ற செய்தி அந்நாள்களில் பரவலாகப் பேசப்பட்டது. அன்னையின் புதுமை என்று அது எழுதவும்பட்டது. ஆலயத்துள் இருந்து பிழைத்த ஒருவர் நன்றிப் பெருக்கில் அவ்வாறு கூறினால், அதனை மறுக்க எவர்க்கும் உரிமையில்லை. அவர் கண்ட உண்மை அது. அதே வாக்கியத்தை ஒரு சிந்தனையாளர் பொதுவில் அச்சிட்டு வழங்கும்போது அதன் பொருள் வேறாகிறது. ஆலய வாசலுக்கு வெளியே, மணலில் நின்றிருந்த பக்தர் மாண்டனர். அவர்களும் அதே அன்னையை நாடி வந்தவர்களே. ஒருவேளை வழிபாடு முடித்து, கடலைக் காணச் சென்றவர்கள். அச்சிந்தனையைக் கேட்டிருக்கும் தாய் ஒருத்தி, தன் பிள்ளை எந்தப் பக்கம் நின்றது என்று எண்ணாமல் இருப்பாளா? புதுமையை எழுதும் கை, அத்தாய்க்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. விடை இல்லையேல், விடை இல்லை என்றாவது எழுதலாம். யோபுவின் நூலில் நண்பர் மூவரும் துயருக்குக் காரணம் சொல்லிச் சொல்லிக் கடவுளின் சினத்துக்கு ஆளானார்கள். அவர்கள் வாய்திறவாமல் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்திருந்த பகுதிதான் அந்நூலில் அவர்கள் செய்த நற்செயல். தேவசகாயத்துக்குத் தெலனாய் சொன்ன கதையும் அந்நூலின் கதையே.

இத்தகைய இடங்களில் உரைநடை தளர்கிறது; பாட்டு தேவைப்படுகிறது. முன்னோர் அதனை அறிந்திருந்தனர். மே 22ஆம் நாளுக்குரிய கித்தேரியம்மாள் போர்த்துக்கீசிய மக்கள் போற்றிய கன்னி மறைச்சாட்சி. அவ்வம்மையாரின் கதையை வீரமாமுனிவர் அம்மானையாகப் பாடினார். 3,615 பாடல்களில் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கிய அதே கை, ஒரு பெண் அடியாருக்கு மகளிர் விளையாட்டின் வடிவைத் தேர்ந்தது. காய்களை மேலே எறிந்து பிடித்தபடி பெண்கள் பாடும் சந்தத்தில் ஒரு கொலைக்களக் கதை! காப்பியம் மடங்களில் ஓதப்பட்டது. அம்மானை திண்ணைக்குப் போயிற்று. தேம்பாவணிக்கு உரைகளும் ஆய்வுகளும் பல. அம்மானையைத் தேடிப் படிப்போர் மிகச் சிலர்.

பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிபாடி வரும் இவ்வட்டத்தார்க்கு ஒரு விண்ணப்பம் வைப்பது மிகையாகாது. ஒவ்வொருவரும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் நாள் அவரவர் சமயத்து நாளாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆடிச் சுவாதியாகவும் இருக்கலாம், அக்டோபர் 15ஆகவும் இருக்கலாம். அந்த அடியார் பிறந்த மண்ணையும் இறந்த விதத்தையும் ஐயத்துக்கிடமின்றி அறிந்துகொண்டு, வேறு எந்த அடியாருக்கும் பொருந்தாத நான்கு வரி எழுதவேண்டும். டிசம்பர் 26ஐ எடுப்பவர் முடியப்பரையும் கடலையும் ஒருங்கே சுமக்க வேண்டியிருக்கும். சனவரி 14ஐ எடுப்பவர் காற்றாடிமலையிலிருந்து இறங்கி, ஞானப்பூ அம்மாளைத் தேடி வடக்கன்குளம் வரை நடக்கவேண்டியிருக்கும். நாள்காட்டியில் அவருக்குத் தனியே ஒரு நாள் இன்னும் இல்லை. நவம்பர் 1, பெயர் அறியப்படாத புனிதர் அனைவர்க்கும் உரிய நாள். அந்நாளையே அவருக்காக எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.